தஸ்தயெவ்ஸ்கியை எந்த வரிசையில் படிப்பது? 'நிலவறை'யில் சிக்கி நிற்கிறேன்

புதுப்பக்கம்

எல்லோருக்கும் வணக்கம். ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயெவ்ஸ்கியை இந்த வருடம் முழுசாகப் படித்துவிடுவது என்று முடிவெடுத்தேன். பெரிய நாவலைத் தூக்கிக்கொண்டு பாதியில் நிற்பதைவிடச் சின்னதாக ஒன்றில் தொடங்கலாம் என்று 'நிலவறைக் குறிப்புகள்' எடுத்தேன். இரண்டு நாளில் முடிந்துவிடும் என்று கணக்கு. மூன்று வாரம் ஆகிறது, முதல் பாகத்தையே தாண்டவில்லை.

ஒருவன் விடாமல் பேசுகிறான். தான் நோயாளி என்கிறான், பொல்லாதவன் என்கிறான், கொஞ்ச நேரத்தில் அது பொய் என்கிறான். இரண்டும் இரண்டும் நான்கு என்பதன்மேல் அவனுக்கு என்ன கோபம்? ஒரு பளிங்கு மாளிகையைப் பார்த்து நாக்கை நீட்ட முடியாதே என்று ஏன் அங்கலாய்க்கிறான்? ஒவ்வொரு வாக்கியமும் தனியாகப் புரிகிறது. சேர்த்துப் பார்த்தால் யாரோடு சண்டை போடுகிறான் என்றே பிடிபடவில்லை.

அதனால் அனுபவப்பட்டவர்களிடம் கேட்கிறேன். வெளிவந்த வருட வரிசையில் போகலாமா, சிறியதிலிருந்து பெரியதா, இல்லை நேராகக் 'கரமசோவ் சகோதரர்க'ளையே எடுத்துவிடலாமா? முடிவுகளைச் சொல்லிவிடாமல் பதில் தந்தால் நன்றி.

ஏழாம்மணி

'குற்றமும் தண்டனையும்'. வேறு யோசனையே வேண்டாம். ஆரம்பத்தில் மதுக்கடையில் மர்மெலாதவ் பேசுகிற இடம் மட்டும் நீளமாகத் தெரியும். தாண்டிவிடாதீர்கள். அந்தக் குடும்பம்தான் பிறகு பாதி நாவலைச் சுமக்கப்போகிறது.

மூன்றாம்வாசிப்பு

புதுப்பக்கம், நுழைந்த வாசல் தப்பு, அவ்வளவுதான். பக்கம் குறைவு என்பதால் எல்லோரும் இதைத்தான் முதலில் கையில் கொடுக்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் கொடுத்தார்கள், நானும் உங்களைப் போலவே நின்றேன்.

'நிலவறைக் குறிப்புகள்' ஒரு சண்டையின் நடுவே விழுந்த பதில். 1863-ல் செர்னிஷேவ்ஸ்கி என்ற ரஷ்ய எழுத்தாளர் சிறையில் இருந்தபடி 'என்ன செய்ய வேண்டும்?' என்ற நாவலை எழுதினார். தனக்கு எது நன்மை என்று மனிதனுக்கு அறிவால் காட்டிவிட்டால் போதும், அவன் அதையே செய்வான், சமூகமும் சீராகிவிடும் என்பது அந்த நாவலின் நம்பிக்கை. அதில் நாயகி காணும் கனவு ஒன்றில் இரும்பும் கண்ணாடியுமாக ஒரு மாளிகை வருகிறது. வருங்கால மனிதர்கள் அதில் ஒன்றாக, குறையில்லாமல் வாழ்கிறார்கள். 1851 கண்காட்சிக்காக லண்டனில் எழுப்பிய பளிங்கு மாளிகைதான் அதற்கு மாதிரி. தஸ்தயெவ்ஸ்கி 1862-ல் லண்டன் போய்வந்தவர். 1864-ல், தன் அண்ணனோடு சேர்ந்து நடத்திய பத்திரிகையில், நிலவறை மனிதனைப் பேசவிட்டார். கணக்குப் போட்டு என் நன்மையை நீ சொல்லிவிட்டால், அதற்குத் தலையாட்டுவதைத் தவிர எனக்கு என்ன வேலை என்பதுதான் அவன் கோபம். அந்தக் காலத்து வாசகனுக்கு எதிராளி யார் என்று சொல்லவே தேவையில்லை. நமக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அதனால் இப்போதைக்கு அதை மூடிவைத்துவிடுங்கள். 'குற்றமும் தண்டனையும்' எடுங்கள். அங்கேயும் இதே சண்டைதான். ஆனால் அங்கே யாரும் சொற்பொழிவு ஆற்றுவதில்லை. ரஸ்கோல்னிகோவ் என்ற இளைஞன் ஒரு எண்ணத்தைத் தலையில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கி நடக்கிறான். தன் வீட்டு வாசலிலிருந்து அந்த வட்டிக்கடைக் கிழவியின் வீட்டுக்குச் சரியாக 730 காலடி என்று அவன் ஏற்கெனவே எண்ணிவைத்திருக்கிறான். முதல் சில பக்கங்களிலேயே இந்த எண் வந்துவிடும். எண்ணிப் பார்த்தவன் வெறும் கனவு காண்பவன் இல்லை என்று நமக்கு உடனே தெரிந்துபோகிறது. தத்துவம் எல்லாம் அந்த 730 அடிக்குள் இருக்கிறது. எந்த விளக்கமும் இல்லாமல் உள்ளே போகலாம்.

அதற்கு அடுத்து நான் சொல்லப்போவது பலருக்குப் பிடிக்காது. 'அசடன்' வேண்டாம், 'கரமசோவ்' வேண்டாம். 'மரண வீட்டின் குறிப்புகள்' படியுங்கள். காரணத்தைத் தனியாக எழுதுகிறேன், இப்போது வேலைக்கு நேரமாகிவிட்டது.

வருடவரிசை

நான் இதற்கு நேரெதிர். ஒரு எழுத்தாளரை அவர் வளர்ந்த வரிசையில் பார்க்காவிட்டால் பாதி இன்பம் போய்விடுகிறது. 1846-ல் தொடங்கி 1880 வரை ஒழுங்காகப் படித்தேன். இரண்டரை வருடம் ஆனது. ஒரு நாள்கூட வீண் என்று தோன்றவில்லை.

முதல் நாவல் 'ஏழை மக்கள்'. கடித வடிவம். வயதான நகலெழுத்தர் மக்கார் தேவுஷ்கினும், எதிர்வீட்டில் வசிக்கும் வார்வராவும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்கிறார்கள். கவிஞர் நெக்ரசோவும் எழுத்தாளர் கிரிகரோவிச்சும் கையெழுத்துப் பிரதியை இரவு முழுக்க ஒரே மூச்சில் படித்து முடித்து, விடியற்காலை நான்கு மணிக்கு ஆசிரியரின் கதவைத் தட்டிப் பாராட்டினார்கள் என்பது பலருக்குத் தெரிந்த செய்தி. எதைப் படித்து அப்படி ஓடினார்கள் என்று எனக்கு ஒரு காட்சியில் புரிந்தது.

தேவுஷ்கின் நகல் எடுக்கும்போது ஒரு வரியை விட்டுவிடுகிறார். மேலதிகாரி முன்னால் போய் நிற்க வேண்டியதாகிறது. சீருடையில் ஒரு பொத்தான் நூலில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அது சரியாக அந்த நேரம் பார்த்து அறுந்து விழுந்து, தரையில் துள்ளி, உருண்டு உருண்டு அதிகாரியின் காலடியில் போய் நிற்கிறது. இவர் மன்னிப்புக் கேட்க வேண்டும், பதில் சொல்ல வேண்டும். அதைச் செய்யாமல் பொத்தானைத் துரத்திக்கொண்டு குனிகிறார். பிடித்த பிறகு அதைப் பழைய இடத்திலேயே ஒட்டவைக்கப் பார்க்கிறார், ஒட்டிவிடும் என்பது போல. 24 வயதில் ஒருவர் இதை எழுதியிருக்கிறார். இந்தப் பொத்தானைப் பார்க்காதவருக்கு மர்மெலாதவின் கிழிந்த கோட்டு பாதிதான் தெரியும் என்பது என் கட்சி.

அப்புறம் அந்த இடைவெளி. 1849-ல் கைது. அந்த வருடம் டிசம்பர் 22, ரஷ்யப் பழைய நாட்காட்டிப்படி, செம்யோனவ்ஸ்கி மைதானத்தில் சுட்டுக்கொல்ல நிறுத்திவைத்துக் கடைசி நிமிடத்தில் தண்டனையை மாற்றினார்கள். நான்கு வருடம் சைபீரியாவில் ஓம்ஸ்கில் கடுங்காவல், பிறகு செமிபலாத்தின்ஸ்கில் ராணுவச் சேவை. சிறையில் எழுதிய ஒரு சிறுகதை 1857-ல் அவர் பெயர் வெளிப்படாமல் அச்சானதைத் தவிர, பத்து வருடத்துக்கு எதுவும் இல்லை. வரிசையாகப் படிக்கிறவனுக்கு அந்த மௌனம் காதில் விழும். 'வெண்ணிற இரவுகள்' எழுதிய கை எங்கே போனது, திரும்பி வந்தபோது என்ன ஆகியிருந்தது என்று பக்கத்துக்குப் பக்கம் தெரியும். நடுவிலிருந்து தொடங்குபவருக்கு இது கிடைக்காது.

ஏழாம்மணி

வருடவரிசை, நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'ஏழை மக்க'ளுக்கு அடுத்து 'இரட்டையர்' வருகிறதே? கொல்யாத்கின் தன்னைப் போலவே இன்னொருவனைச் சந்திக்கும் வரைக்கும் அருமை. அதற்குப் பிறகு நான் இரண்டு முறை நின்றிருக்கிறேன். புதிதாக வருபவரை அங்கே நிறுத்திவிட்டால் 1866-ல் வந்த 'குற்றமும் தண்டனையும்' வரைக்கும் வந்து சேரவே மாட்டார்.

வருடவரிசை

உண்மைதான், 'இரட்டையர்' எனக்கும் சிரமமாக இருந்தது. அதன் எண்ணம் நல்லது, வடிவம் சரியாக அமையவில்லை என்று பிற்காலத்தில் ஆசிரியரே கருதினார். அதைத் தாண்டிப் போகச் சொன்னால் சண்டைக்கு வர மாட்டேன்.

அகல்விளக்கு

இரண்டு பேரும் வாசகர் யார் என்றே கேட்கவில்லையே. நான் முதலில் படித்தது 'கரமசோவ் சகோதரர்கள்'. பத்தொன்பது வயது. யாரும் வரிசை சொல்லித்தரவில்லை, கையில் கிடைத்தது அதுதான். முடிக்க நான்கு மாதம் ஆனது. அதில் ஒரு மாதம் பெயர்களுக்கே போனது. திமித்ரி, மித்யா, மீத்தென்கா எல்லாம் ஒரே ஆள். அலெக்ஸி, அல்யோஷா ஒரே ஆள். அக்ராஃபேனாவும் குருஷென்காவும் ஒருத்தியேதான் என்று தெரியாமல் நூறு பக்கம் இரண்டு பெண்களாகவே நினைத்துப் படித்தேன்.

பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். புத்தகத்துக்குள் வைக்கிற அடையாளச் சீட்டிலேயே பெயர்களை எழுதிக்கொண்டேன். இடதுபக்கம் முழுப்பெயர், வலதுபக்கம் வீட்டில் கூப்பிடும் பெயர், கீழே யாருக்கு யார் என்ன உறவு. நாவல் முடியும்போது அந்தச் சீட்டு இரண்டு பக்கமும் நிரம்பி, ஓரம் கிழிந்திருந்தது. இன்னும் அதே புத்தகத்துக்குள்தான் இருக்கிறது. புதுப்பக்கம், எந்த நாவலில் தொடங்கினாலும் இதைச் செய்யுங்கள். வரிசையைவிட இது முக்கியம்.

'கரமசோவை' முதலில் படித்ததில் எனக்கு நட்டம் என்று தோன்றவில்லை. ஆரம்பத்திலேயே ஒரு இடம் வருகிறது. மடத்து வாசலில் காத்திருக்கும் எளிய பெண்களை மூத்த துறவி ஜோஸிமா சந்திக்கிறார். அதில் ஒருத்தி தன் சின்ன மகனைப் பறிகொடுத்தவள். மூன்று வயது நிறைய மூன்று மாதம்தான் பாக்கி என்கிறாள். அவனுடைய சட்டையையும் செருப்பையும் எடுத்துப் பார்த்துப் பார்த்து அழுவதைச் சொல்கிறாள். ஒரே ஒரு முறை, எங்காவது மூலையில் நின்றாவது, அவன் ஓடிவரும் காலடிச் சத்தம் கேட்டால் போதும் என்கிறாள். குழந்தையின் பெயர் என்ன என்று துறவி கேட்கிறார். அலெக்ஸி என்கிறாள்.

வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. 1878 மே மாதம் தஸ்தயெவ்ஸ்கியின் மூன்று வயதுகூட நிரம்பாத மகன் வலிப்பு வந்து இறந்துபோனான். அவன் பெயரும் அலெக்ஸிதான். அடுத்த மாதமே அவர் ஓப்தினா மடத்துக்குப் போனார். இது தெரியாமல் படித்தபோதே அந்தப் பக்கத்தில் அழுதிருந்தேன். ஒரு வரிசையும் தெரியாமல் வந்தவளுக்கும் அந்தப் பெண்ணின் குரல் கேட்டது.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். 'விசாரணை அதிகாரி' அத்தியாயத்தை மட்டும் தனியாகப் பிய்த்து முதலில் படிக்காதீர்கள். பலர் அப்படிச் செய்கிறார்கள். அது ஐந்தாம் புத்தகத்தில், ஒரு உணவு விடுதியில், அண்ணன் இவான் தன் தம்பிக்குச் சொல்லும் கதை. அண்ணன் எவ்வளவு தனிமையில் இருக்கிறான் என்று தெரியாமல் படித்தால் அது வெறும் வாதமாகிவிடும்.

மூன்றாம்வாசிப்பு

அகல்விளக்கு அக்கா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு அந்தப் பக்கத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நன்றி. பத்தொன்பது வயதில் நான்கு மாதம் ஒரே புத்தகத்தோடு இருக்கும் பொறுமை உள்ளவருக்கு எந்த வரிசையும் தேவையில்லை. புதுப்பக்கம் ஒருமுறை நின்றுபோனவர். இன்னொரு முறை நின்றால் ஆசிரியரையே விட்டுவிடுவார் என்ற பயத்தில்தான் பேசுகிறேன்.

'மரண வீடு' ஏன் இரண்டாவது என்று சொல்கிறேன். 1860-லிருந்து 1862 வரை வெளிவந்தது. கதை என்று பெரிதாக எதுவும் கிடையாது. அதனால்தான் எல்லா வரிசைகளிலும் அதை விட்டுவிடுகிறார்கள். மனைவியைக் கொன்றதாகத் தண்டனை பெற்ற கனவான் ஒருவரின் குறிப்புகள் என்று ஒரு முகமூடி. உள்ளே இருப்பது ஓம்ஸ்கில் அவர் கழித்த நான்கு வருடம். பலகைக் கட்டில்கள், குளியலறைப் புகை, கைதிகள் போட்ட நாடகம், கால்விலங்கின் சத்தம்.

சிறையைச் சுற்றி மரக்கம்பங்களால் ஆன வேலி. ஒரு கைதிக்கு அதை எண்ணுவதுதான் பொழுது. மொத்தம் 1500 கம்பம் அளவில் இருக்கும். ஒவ்வொன்றும் அவனுக்கு ஒரு நாள். தினமும் ஒரு கம்பத்தைக் கழித்து, இன்னும் எத்தனை நிற்கின்றன என்று கண்ணால் பார்த்துக்கொள்கிறான். ஒரு பக்கத்து வேலி முடிந்துவிட்டால் அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். 'குற்றமும் தண்டனையும்' படித்து, 730 அடி எண்ணியவனை மனதில் வைத்துக்கொண்டு இங்கே வாருங்கள். அங்கே கொலைகாரன் ஒருவனின் தலைக்குள் உட்கார்ந்திருந்தோம். இங்கே டஜன் கணக்கில் அவர்களோடு பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கிறோம்.

உங்களுடைய 'நிலவறை'க் கேள்விக்குப் பதிலும் இங்கேதான் இருக்கிறது. வருடக்கணக்கில் ஒழுங்காக இருந்த கைதி திடீரென்று ஒருநாள் குடித்து, கத்தி, எதையாவது செய்து, பட்ட பாட்டையெல்லாம் கெடுத்துக்கொள்கிறான். அதிகாரிகளுக்குக் காரணம் விளங்கவில்லை. தானும் ஒரு ஆள் என்று காட்டிக்கொள்ளும் தவிப்புதான் அது, வேறொன்றும் இல்லை என்கிறார் ஆசிரியர். மாதக்கணக்கில் ரகசியமாக வேலை செய்து சேர்த்த காசை ஒரே நாளில் ஊதித்தள்ளுவதும் அதே தவிப்புதான். பணம் என்பது நாணயமாக அடித்த சுதந்திரம் என்று ஓரிடத்தில் எழுதுகிறார். தனக்குக் கேடு என்று தெரிந்தே ஒருவன் அதைத் தேர்ந்தெடுப்பான், அது தன்னுடைய தேர்வாக இருக்கும் என்பதற்காகவே. நான்கு வருடம் இதைக் கண்ணால் பார்த்தவர், அறிவால் எல்லாம் சரியாகும் என்று சொன்ன நாவலைப் படித்தால் என்ன எழுதுவார்? 'நிலவறை' எழுதுவார்.

ஆக என் வரிசை: 'குற்றமும் தண்டனையும்', 'மரண வீடு', அதற்குப் பிறகு மறுபடி 'நிலவறை', பின்பு 'அசடன்', அதன் பிறகு 'பேய்கள்', கடைசியில் 'கரமசோவ்'. 'மரண வீட்டி'ல் தகப்பனைக் கொன்றதாகத் தண்டனை பெற்ற ஒரு கைதி வருவான். அவனைக் கவனித்துவையுங்கள். ஏன் என்று இப்போது சொல்ல மாட்டேன்.

சொல்தேடி

தமிழில் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 'குற்றமும் தண்டனையும்', 'அசடன்', 'நிலவறைக் குறிப்புகள்' மூன்றும் எம்.ஏ. சுசீலா மொழிபெயர்ப்பில் இருக்கின்றன. ஒரே கை மொழிபெயர்த்த நூல்களை அடுத்தடுத்துப் படித்தால் குரல் மாறாமல் வரும். 'கரமசோவ்' புவியரசு மொழிபெயர்ப்பு. 'வெண்ணிற இரவுகள்' ரா. கிருஷ்ணையா. ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்களுக்குக் கான்ஸ்டன்ஸ் கார்னெட் 1912-லிருந்து செய்தவை இன்னும் நன்றாகவே ஓடும். மொழிபெயர்ப்பு எது என்று மாதக்கணக்கில் அலசிக்கொண்டு புத்தகத்தைத் திறக்காமல் இருப்பதுதான் பெரிய நட்டம்.

கடைசிப்பெட்டி

'சூதாடி' பற்றி ஒருவரும் சொல்லவில்லையே? சிறியது, வேகமாகப் போகும், பிடிபடாத தத்துவமும் கிடையாது. தொடங்க அதுதான் சரி.

ஏழாம்மணி

வேகமாகப் போவதற்குக் காரணமே அது வேகமாக எழுதப்பட்டதுதான். 1866 நவம்பர் 1-க்குள் ஒரு புது நாவல் தராவிட்டால் ஒன்பது வருடத்துக்கு அவர் எழுதுவதையெல்லாம் பைசா தராமல் அச்சிடலாம் என்று பதிப்பாளர் ஸ்தெல்லோவ்ஸ்கியோடு ஒப்பந்தம். அன்னா என்ற சுருக்கெழுத்துப் பெண்ணிடம் 26 நாளில் சொல்லி எழுதவைத்தார். அடுத்த வருடம் இருவருக்கும் கல்யாணம். 'குற்றமும் தண்டனையும்' பத்திரிகையில் வந்துகொண்டிருந்தபோது நடுவில் எடுத்து முடித்த நாவல் அது. அதனால் அந்தப் பெரிய நாவலுக்கு அடுத்து மூச்சுவிட ஏற்றது. தொடக்கத்துக்கு எனக்குச் சம்மதமில்லை. ரூலட் மேசையை நன்றாகக் காட்டும், ஆசிரியரைக் கொஞ்சம்தான் காட்டும்.

கடைசிப்பெட்டி

சரி. இன்னொரு யோசனை. 'நிலவறை'யில் நின்றவர்கள் இரண்டாம் பாகத்தை முதலில் படித்தால் என்ன? நெவ்ஸ்கி சாலையில் அதிகாரி மேல் இடிக்கும் இடம், விருந்து, லிசா எல்லாம் அங்கேதான். கதை அங்கேதான் தொடங்குகிறது.

மூன்றாம்வாசிப்பு

வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். முதல் பாகத்தில் பேசுகிறவனுக்கு 40 வயது. இரண்டாம் பாகத்தில் நடப்பது அவனுக்கு 24 வயதில். ஆசிரியர் வேண்டுமென்றேதான் பின்னாலிருந்து முன்னால் போகிறார். முதலில் அவனுடைய வாதங்களைக் கேட்கிறோம், எரிச்சல் படுகிறோம். அப்புறம் பதினாறு வருடம் அவன் வெளியே சொல்லாத ஒரு இரவைக் காட்டுகிறார். அந்த இரவைப் பார்த்த பிறகு முதல் பாகத்தின் வாதங்கள் வேறு மாதிரிக் கேட்கும். காயத்தை முதலில் காட்டிவிட்டால், அவன் பேசுவது எல்லாம் அந்தக் காயத்துக்குச் சாக்கு என்று சுலபமாகத் தள்ளிவிடுவோம். அவனை அப்படித் தள்ளிவிட முடியாமல் திணற வேண்டும், அதற்குத்தான் இந்த அமைப்பு.

அகல்விளக்கு

இதில் மூன்றாம்வாசிப்போடு முழுசாகச் சேர்கிறேன். நாவல்களின் வரிசையை நம் இஷ்டத்துக்கு மாற்றலாம். ஒரு நாவலுக்குள் இருக்கும் வரிசை அவருடையது, அதைத் தொடக்கூடாது.

வருடவரிசை

'பேய்கள்' விஷயத்தில் அதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. 'தீகோன் அருகில்' என்ற அத்தியாயத்தைப் பத்திரிகை ஆசிரியர் கட்கோவ் அச்சிட மறுத்துவிட்டார். 1922-ல்தான் வெளிவந்தது. பல பதிப்புகளில் பின்னிணைப்பாகக் கடைசியில் இருக்கும். ஆசிரியர் அதை எழுதியது இரண்டாம் பாகத்தின் ஒன்பதாம் அத்தியாயமாக. எட்டாவது முடிந்ததும் கடைசிக்குப் புரட்டி அதைப் படித்துவிட்டு, இரண்டாம் பாகத்தின் மிச்சத்துக்குத் திரும்புங்கள். நாயகன் ஸ்தவ்ரோகின் அதற்குப் பிறகு ஒவ்வொரு காட்சியிலும் வேறு ஆளாகத் தெரிவான். அந்த நாவலின் முதல் பாகம் மெதுவாகத்தான் போகும், ஸ்தெபான் த்ரோஃபிமோவிச்சின் வீட்டுக் கதையாகவே. அந்த வீட்டில்தான் எல்லாம் விளைந்தது என்று பிறகு தெரியும்.

1875-ல் வந்த 'விடலை'யைக் கடைசிக்குத் தள்ளிவிடலாம். வருட வரிசைக்காரனான நானே சொல்கிறேன்.

புதுப்பக்கம்

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி. 'குற்றமும் தண்டனையும்' நேற்று முடித்தேன்.

கதவுக் கொக்கி வரும் இடத்தில் நிஜமாகவே எழுந்து நின்றுவிட்டேன். உள்ளே அவன், வெளியே மணியை இழுத்துக்கொண்டு நிற்கிறவர்கள், நடுவில் அந்தக் கொக்கி துள்ளுகிறது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் செய்தது என்ன என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கொக்கி கழன்றுவிடக் கூடாதே என்றுதான் என் மனது அடித்துக்கொண்டது. பிறகு அதை நினைத்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அக்கா சொன்ன பெயர்ச்சீட்டு இல்லாவிட்டால் அவ்தோத்யாவையும் தூன்யாவையும் இரண்டு பேர் என்றுதான் நினைத்திருப்பேன்.

ஒரு குறை. கடைசிப் பகுதி, அந்த முடிவுரை, எனக்கு ஒட்டவில்லை. இவ்வளவு தூரம் இழுத்துவந்துவிட்டுச் சில பக்கங்களில் அவனை மாற்றிவிட்டது போல இருக்கிறது.

மூன்றாம்வாசிப்பு

கொக்கியைப் பற்றி நீங்கள் எழுதியதுதான் அந்த நாவல். யார் பக்கம் நிற்கிறோம் என்று நம்மையே திடுக்கிட வைக்கிறார்.

முடிவுரை பற்றி இந்தக் குறை உங்களுக்கு மட்டும் இல்லை, நூறு வருடத்துக்கு மேலாகச் சொல்லப்படுவது. நானும் முதல் வாசிப்பில் அப்படித்தான் நினைத்தேன். இரண்டாம் வாசிப்புக்கு முன்னால் 'மரண வீடு' படித்திருந்தேன். முடிவுரையில் மற்ற கைதிகள் ரஸ்கோல்னிகோவை ஏன் வெறுக்கிறார்கள் என்று கவனித்தீர்களா? அவனைவிடப் பெரிய குற்றம் செய்தவர்களும் அவனைப் பார்த்து ஏளனம் செய்கிறார்கள். 'மரண வீட்டி'ல் கனவான்களைச் சாதாரணக் கைதிகள் கடைசி வரைக்கும் தங்களில் ஒருவராகச் சேர்ப்பதே இல்லை. ஒரே வேலை, ஒரே சோறு, ஒரே விலங்கு, இருந்தும் சேர்ப்பதில்லை. ஆசிரியருக்கு அது பெரிய வலி. அந்த வலி தெரிந்த பிறகு முடிவுரை சில பக்க மாற்றமாகத் தெரியாது. அந்தச் சில பக்கங்களுக்குப் பின்னால் நான்கு வருடம் நிற்பது தெரியும். அப்போதும் ஒட்டவில்லை என்றால் சொல்லுங்கள், மறுபடி பேசலாம்.

புதுப்பக்கம்

'மரண வீடு' முடிந்தது. கதை இல்லை என்று பயமுறுத்தியிருந்தீர்கள், எனக்கு அலுக்கவே இல்லை. கம்பம் எண்ணுகிறவனுக்காகவே இரண்டு முறை திரும்பிப் போய்ப் படித்தேன். கடைசியில் கொல்லன் விலங்கைக் கழற்றும் இடம் இருக்கிறதே. விலங்கு கீழே விழுகிறது. அவர் அதைக் குனிந்து எடுக்கிறார். கடைசியாக ஒரு முறை கையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதாம். இத்தனை வருடம் தன் காலில் இருந்தது இதுதானா என்று பார்க்கிறார்.

முடிவுரையை மறுபடி படித்தேன். முழுதாக ஒட்டிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதல் தடவை வேகமாகத் தாண்டிப்போன பக்கங்களில் இந்த முறை நின்றேன்.

நேற்றும் இன்றும் 'நிலவறை'. முதல் பாகம் இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. யாரோடு சண்டை என்று இப்போது தெரிகிறது. இரண்டாம் பாகமும் முடித்துவிட்டேன், லிசா மேசையில் விட்டுப்போனதைப் பற்றி இன்னும் என்னால் எழுத முடியவில்லை.

தகப்பனைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட கைதியைச் சீட்டில் குறித்துவைத்திருக்கிறேன்.

வருடவரிசை

நல்ல வேகம். இந்த இடத்தில் ஒரே ஒரு வேண்டுகோள். 'அசட'னுக்குப் போகும் முன் 'ஏழை மக்க'ளுக்கு ஒரு வாரம் கொடுங்கள். பொத்தானுக்காக.

மூன்றாம்வாசிப்பு

அதற்கு நானும் கைதூக்குகிறேன். பிறகு 'அசடன்'. முதல் பாகம் முழுக்க ஒரே நாளில் நடப்பது. முடிந்தால் ஒரு விடுமுறை நாளில் உட்கார்ந்து ஒரே மூச்சாகப் படியுங்கள், கணப்படுப்பில் ஒரு பொட்டலம் விழும் வரைக்கும். நடுவில் நாயகன் மிஷ்கின், மரண தண்டனைக்கு நிறுத்தப்பட்ட ஒருவனின் கடைசி ஐந்து நிமிடத்தைச் சொல்வான். செம்யோனவ்ஸ்கி மைதானத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

புதுப்பக்கம்

'ஏழை மக்கள்' முடித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். வருடவரிசை, பொத்தானைப் பார்த்தேன். அதைப் பழைய இடத்தில் அழுத்தி ஒட்டவைக்கப் பார்க்கிறாரே, அதற்கு மேல் அன்றைக்குப் படிக்க முடியவில்லை.

புதுச் சீட்டு ஒன்று வெட்டிவைத்திருக்கிறேன். 'அசடன்' முதல் பக்கம் மட்டும் புரட்டினேன். நவம்பர் கடைசி, காலை ஒன்பது மணி, மூடுபனி. வார்சா ரயில் பீட்டர்ஸ்பர்க்கை நெருங்குகிறது. மூன்றாம் வகுப்புப் பெட்டியில் ஜன்னலோரம் இரண்டு இளைஞர்கள் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவனுக்குக் குளிருக்கேற்ற உடை இல்லை, நடுங்குகிறான். சீட்டில் இரண்டு பெயர் எழுதிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை தொடங்குகிறேன்.